சிரட்டை யானைக்கு வைத்த தீனி

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றிடம், உண்மையை யாரிடமும் சொல்லாதே என்று சொன்னவன் நான். அவளுடைய ஆசிரியராக இருந்துகொண்டு சொன்னேன். அதனால் ஒரு நல்ல மனிதர் ஊரை விட்டே போக நேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடந்தது எழுபதுகளின் கடைசியில். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். மதுரையில் விலங்கியல் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, முதல் வேலையாக அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு வந்திருந்தேன். இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் பெரிய வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் என் பொறுப்பு.

தாவரம் தின்னும் விலங்குகள் என்று ஒரு பாடம். கரும்பலகையில் படம் போட்டால், பிள்ளைகள் ஜன்னல் வழியாக நிஜ மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, செய்து பார்க்கலாம் என்று தொடங்கினேன். போடிப் பக்கம் இலவம்பஞ்சு கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதில் முயல் செய்தோம். கண்மாய்க் களிமண்ணில் பசுவும் காட்டுமாடும் பிடித்தோம். மானுக்குக் கொம்பு வேண்டும் என்று புளியஞ்சுள்ளிகளை ஒடித்து வந்தார்கள். யானைக்கு இரண்டு பெரிய சிரட்டைகளைச் சேர்த்துக் கட்டி வயிறாக்கினோம். வாழைமட்டையில் தும்பிக்கை, பாக்குமட்டையில் காது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சிரட்டையில் நானே ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். எல்லாம் அந்த ஓட்டையில்தான் ஆரம்பித்தது.

எந்த விலங்கு எதைத் தின்னும் என்பது மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக ஒரு வழக்கம் வைத்தேன். கடைசி மணி அடிப்பதற்கு முன் அவரவர் செய்த விலங்குக்கு அவரவர் தீனி வைக்க வேண்டும். பசுவுக்குப் புல், ஆட்டுக்குக் கருவேலங்காய், முயலுக்கு அறுகு, யானைக்குச் சோளத்தட்டையும் வாழைப்பழத் துண்டும். பிள்ளைகள் போன பிறகு அவற்றை எடுத்து, பள்ளிக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஓர் ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். முதல் நாள் அறையைச் சுத்தம் செய்வதற்காகத்தான் அப்படிச் செய்தேன். மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, தின்னுருச்சு, தின்னுருச்சு என்று குதித்தார்கள். நான் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு வேண்டுமென்றே எடுத்தேன். பள்ளிக்கு வராத பிள்ளைகள்கூட வரத் தொடங்கினார்கள். கல்வி அதிகாரி பார்வைக்கு வரும்போது இதைக் காட்டி நல்ல பெயர் வாங்கலாம், அந்தச் சூட்டோடு மதுரைப் பக்கம் மாற்றல் கேட்கலாம் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

யானை அந்தப் பெண்ணுடையது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அப்பாவுக்கு மலையை ஒட்டிச் சோளம் விதைத்த நிலம் இருந்தது. அந்தப் பக்கம் அதைக் காடு என்றுதான் சொல்வார்கள். அதற்கு அடுத்து அவளுடைய தாய்மாமனின் வாழைத் தோட்டம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்து மருமகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போவார். இறங்கி நட என்று அவள் அம்மா சத்தம் போட்டால், அண்ணனும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கதிர் பால் பிடிக்கும் காலத்தில் மலையிலிருந்து யானை இறங்கும். பரண் கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருப்பார்கள். அவள் அப்பாவும் மாமனும் முறை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர், இரண்டு நிலத்துக்கும் சேர்த்துக் காவல் இருந்தார்கள்.

ஒருநாள் சிரட்டை யானைக்குத் தீனி வைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "சார், யானைக்கு வகுறு நெறஞ்சா என்ன சார் செய்யும்?"

பேசாமல் போய்விடும், தாவரம் தின்னும் விலங்குகள் சாதுவானவை, பசிக்குத்தான் ஊருக்குள் வருகின்றன என்று சொன்னேன்.

"அப்ப வகுறு நெறஞ்சா எங்க காட்டுக்கு வராதா சார்?"

"வராது" என்றேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது.

அதற்கு அடுத்து வந்த நாட்களில் ஒரு மாலை, தீனியை எடுக்கப் போனபோது யானையைக் காணவில்லை. விளையாட எடுத்துப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அன்று இரவு யானைகள் இறங்கின.

காலையில் ஊரே அங்கே நின்றது. நானும் போனேன். சோளக்காடு பாய் விரித்ததுபோலத் தரையோடு கிடந்தது. மாமனின் வாழையில் ஓர் இலை கிழியவில்லை. காவல் முறை அன்று மாமனுடையது. சோளக்காட்டின் ஓரத்தில், மலையைப் பார்த்த பக்கம், இரண்டு சீப்பு மொந்தன் வாழைக்காய் கிடந்தது. மொந்தன் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் போட்டிருந்தார். முழுத் தாரையே வைத்து யானையை இழுத்திருக்கிறார், இது தின்றது போக மிச்சம் என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அன்று அவள் பள்ளிக்குத் தாமதமாக வந்தாள். மஞ்சள் பைக்குள் சிரட்டை யானை இருந்தது. ஒரு காதுகூடக் கழன்றிருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். முந்தின நாள் மாலை அம்மாவோடு புல்லறுக்கப் போனபோது மாமன் தோட்டத்துக் குடிசையிலிருந்து இரண்டு சீப்பு எடுத்திருக்கிறாள். காட்டு ஓரத்தில் வைத்து, அதற்கு முன்னால் நம் யானையையும் வைத்திருக்கிறாள். விடிந்ததும் ஊர் கூடுவதற்கு முன்பே ஓடிப்போய் யானையை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள்.

"மாமா பரண்ல தனியா இருக்கும்ல சார். அதான் வச்சேன். நம்ம யானை மொதல்ல தின்னா, அதப் பாத்துட்டுப் பெரிய யானையும் அதத் தின்னு வகுறு நெறஞ்சு போயிரும்னு நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. எதையோ சரியாகப் புரிந்துகொள்ளப் பார்க்கிற முகத்தோடு நின்றாள்.

"வச்ச சீப்பு வச்ச மாதிரியே கெடக்கு சார். பெரிய யானையும் திங்கல, நம்ம யானையும் திங்கல. பள்ளிக்கொடத்துல மட்டும் எப்புடி சார் தின்னுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி வரும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லாதே, அப்பா அடிப்பார் என்றேன்.

"மாமாட்டயுமா சார்?"

"மாமாவிடமும்தான்" என்றேன்.

அவள் அப்பா அடிப்பார் என்பது பொய்யில்லை. கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காத மனிதர். ஆனால் அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது அவள் வாங்கப்போகும் அடியா, எனக்கு வரப்போகும் கெட்ட பெயரா என்று கேட்டால், இரண்டும் இருந்தது என்றுதான் சொல்ல முடிகிறது. எது முன்னால் நின்றது என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெளியவில்லை.

சிரட்டை யானையை வாடகை வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்பில் போட்டேன். மறுநாள் வகுப்பில், யானை காட்டுக்குப் போய்விட்டது என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

இரண்டொரு நாளில் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் எல்லோரும் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவள் அப்பா எழுந்து நின்று, சத்தமே போடாமல் பேசினார்.

"மொறக் காவல் மச்சானோடது. யானை வந்தது அவருக்குத் தெரியலையாம். எங்காடு தரையாக் கெடக்கு, அவரு வாழையில ஒரு எல கிழியல. ஓரத்துல அவரு தோட்டத்து மொந்தன். நான் ஒண்ணுஞ் சொல்லல. ஊரு பாத்துச் சொல்லட்டும்."

"மாப்ள, எந்தங்கச்சி குடிக்கிற கஞ்சியில நான் மண்ணள்ளிப் போடுவனா?" என்று மட்டும் மாமன் கேட்டார்.

யானையையே மந்தைக்குக் கூப்பிட்டு விசாரித்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் அவர்களை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார் இதெல்லாம் படிச்சவரு. நீங்க சொல்லுங்க சார். வாழ வாடைக்கு யானை வருமா, வராதா?"

அவள் தன் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரும் என்றேன். யானைக்கு மோப்ப சக்தி அதிகம், வெகு தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் என்றேன். நான் படித்த புத்தகத்தின்படி அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வைத்த காய் வைத்தபடியே கிடந்தது, யானை அதைத் தொடவே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி குழந்தை. இன்னொருவன் நான். யானை ஏன் அதைத் தொடவில்லை, தொடாத தீனிக்காக அது எப்படி வந்திருக்கும், அதுவாக வந்ததா என்பதெல்லாம் எனக்கும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்றுகூட நான் அங்கே சொல்லவில்லை.

கோயிலுக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். அந்தக் காயை நான் வைக்கவில்லை என்று சொல்லி, மாமன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வழக்கப்படி அதோடு பேச்சு முடிய வேண்டும். முடியவில்லை. படித்தவரே சொல்லிவிட்டாரே என்ற பேச்சு அணையாமல் நின்றது. இனிமேல் என் வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் அம்மா அண்ணனையும் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி வந்தார். முயலையும் மானையும் கையில் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார். அவளை எழுப்பி, யானை என்ன சாப்பிடும் என்று கேட்டார். "தெரியாது சார்" என்றாள். வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவள் அவள். சின்னக் குழந்தை, பயந்துவிட்டாள் என்று அதிகாரி சிரித்தார். எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

மழைக்காலத்தில் மாமனின் கறவை மாடு செத்தது. மிதிபட்ட சோளத்தட்டையிலிருந்து மழைக்குத் துளிர்த்த இளம் பயிரை மேய்ந்துவிட்டது. அந்தத் துளிர் மாட்டுக்கு விஷம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும், சத்தியம் கேட்டுவிட்டது, பொய்ச் சூடம் சும்மா விடுமா என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாழையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனைவியோடு மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார்.

போகிற அன்று பள்ளிக்கு வந்து, மருமகளைக் கொஞ்ச நேரம் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். அனுப்பினேன். வேப்பமரத்தடியில் குனிந்து அவளிடம் வறுத்த கடலைப் பொட்டலம் கொடுத்தார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். "வர்றேன் சார்" என்றார். அவ்வளவுதான். ஜீப்பைப் பிடிக்க வெரசாகப் போய்விட்டார்.

வருடங்கள் போயின. மதுரைக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்தது போடிக்குத்தான். ஏலக்காய் விற்க, சாமான் வாங்க என்று மாமன் அவ்வப்போது போடிக்கு வருவார். பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் அவரே முதலில் வணக்கம் சொல்வார். நான் வணக்கம் சொல்லிவிட்டு அவசர வேலை இருப்பதுபோல நடையைக் கட்டுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், அவள் அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கு வந்தார்கள். மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், சடங்குக்கு வர வேண்டும் என்றார்கள். தாய்மாமன்தானே பச்சை ஓலை கொண்டுவந்து, பெண் தனியே இருக்கும் குச்சைக் கட்ட வேண்டும், மாலையும் பட்டும் கொண்டுவந்து முதலில் போட வேண்டும். யார் கட்டியது என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். தூரத்து உறவில் ஒரு அண்ணன் முறையை வைத்துக் கட்டினோம், சீரும் அவரே செய்வார் என்று அப்பா சொன்னார். அம்மா தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

மறுநாள் போடிமெட்டு வழியாகப் போகும் ஜீப்பில் ஏறினேன்.

ஏலக்காய் காயவைக்கும் கொட்டகைக்கு வெளியே மாமன் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க சார், இம்புட்டுத் தூரம்" என்று சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். நான் உட்காராமலேயே சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்லும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் சார். ஊர விட்டு வந்த அன்னைக்கு, வேப்ப மரத்தடியில எல்லாஞ் சொல்லிருச்சு. சார் யார்ட்டயும் சொல்ல வேணாம்னாரு மாமான்னு அதையுஞ் சொல்லிருச்சு."

பேருந்து நிலையத்து வணக்கங்கள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தன. ஏன் ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவங்கப்பன் அந்தப் புள்ளய என்ன செய்வான்? நான் மலையேறிட்டா ஒரு வருசத்துல அடங்கிரும்னு நெனச்சேன். அடங்கல." இன்னொரு சாக்கை எடுத்து மடித்தபடி சொன்னார். "உங்க மேல கோவம் இருந்துச்சு சார், இல்லங்கல. பின்னே இங்க பெய்யிற மழைக்கு அதுவும் நமுத்துப் போச்சு."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். அன்று பரணில் கண் அசந்துவிட்டாராம். காயை வைக்கவில்லை என்றுதான் சூடம் அடித்தாரே தவிர, தூங்கவில்லை என்று அடிக்கவில்லை. "மாடு செத்தப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். பாதி சத்தியமும் பொய்ச் சத்தியந்தானோன்னு."

குற்றம் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வந்த இடத்தில், அதில் ஒரு பங்கை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். மிச்சம் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு யானையுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எப்படியானாலும் அவள் அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லுங்க. புள்ள பேரு மட்டும் வரக் கூடாது. அது மதி" என்றார். மலையில் போதும் என்பதற்கு மதி என்பார்கள். அவருக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

இறங்கி வரும்போது வளைவுக்கு வளைவு யோசித்தேன். குழந்தை பெயர் வரக் கூடாது, உண்மையும் சொல்ல வேண்டும் என்றால் ஒரே வழிதான் தெரிந்தது. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அன்று காட்டு ஓரத்தில் காய் வைத்தது நான்தான், பாடத்துக்காக யானை வருமா என்று பார்க்க வைத்தேன் என்று சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "மந்தையில, வாடைக்கு வரும்னு சொன்னீங்களே சார்."

"ஆமாம்."

"வச்சுட்டுத்தான் சொன்னீங்களா?"

"ஆமாம்" என்றேன். அந்த இரண்டாவது ஆமாம் பொய். ஆனால் அதைச் சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு லேசானது. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

"போயிருங்க சார். நல்ல நாளும் பொழுதுமா ஏதாச்சும் செஞ்சுருவேன்" என்றார். அவர் குரல் உயரவில்லை. நான் தெருமுனை வரை போயிருப்பேன். பின்னாலேயே வந்துவிட்டார்.

"மச்சான் எந்தத் தோட்டத்துல இருக்காரு?"

சொன்னேன். சட்டைகூட மாற்றாமல் அப்படியே போனார்.

சடங்கன்று என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியாமலே போய், பந்தலின் ஓரத்தில் நின்றேன். செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. யானை வாத்தியார் வந்திருக்கிறார் என்று என் காதுபடச் சொன்னார்கள். மாமன் ஜீப்பில் சீர்வரிசையோடு வந்து இறங்கினார். அவள் அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே போனார்.

"என்ன மாப்ள, ஆளு பாதியாப் போயிட்ட. எந்தங்கச்சி சோறு போடலையா?" என்று மாமன்தான் ஆரம்பித்தார்.

அண்ணன் வந்து இறங்கியதிலிருந்து அவள் அம்மா ஓர் இடத்தில் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தவருக்கே மறுபடியும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமன் மாலையைப் போட்டார். பட்டுச் சேலையைக் கையில் கொடுத்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "புள்ளைக்குத் துன்னூறு பூசி விடுங்க சார்" என்று அவள் முன்னால் நிறுத்தினார்.

அவள் தலை குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"நீங்க வச்சதாச் சொல்லிட்டீங்களாம்ல சார்."

ஆமாம்மா என்றேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. எதிர்பார்த்தேன்.

"மாமா மாலை போட்டதும், நாந்தான் வச்சேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்னு இருந்தேன் சார். இம்புட்டு வருசமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். இப்பச் சொன்னா, சாரக் காப்பாத்தச் சொல்றாம்பாங்க. யாரும் நம்ப மாட்டாங்க."

திருநீற்றுத் தட்டோடு என் கை அப்படியே நின்றது. அந்தச் சிரட்டை யானை எதையும் தின்னவே இல்லையம்மா, நான்தான் எடுத்து ஆட்டுக்குப் போட்டேன் என்று உளறினேன்.

"தெரியும் சார். ஆடு திங்கிறத மறு வருசமே பாத்துட்டேன்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. மாலை முகத்தை மறைத்திருந்தது. போட்டோ எடுப்பவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன்.

மச்சானும் மாப்பிள்ளையும் அதற்குப் பிறகு பிரியவில்லை. மாமன் மலையிலேயே இருந்தாலும் கதிர் பிடிக்கும் காலத்தில் இறங்கி வந்து காவலுக்கு உட்காருவார் என்று கேள்விப்பட்டேன். அவள் படித்து, வேலைக்குப் போய், வெளியூரில் குடியிருக்கிறாள். அன்று சொல்ல நினைத்ததைப் பிறகு எப்போதாவது அப்பாவிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவர் இப்போது இல்லை. ஊரில் வயதானவர்கள் இன்னமும் அந்தக் காயை வைத்தது நான்தான் என்று நம்புகிறார்கள். சில நாட்களில் எனக்கே, நான்தான் வைத்தேனோ என்று தோன்றிவிடுகிறது. ஒரு விதத்தில் வைத்தவன் நான்தானே என்றும் தோன்றும். உடனே, அப்படி நினைப்பதும் அவளிடமிருந்து அதைப் பறிப்பதுதான் என்று தோன்றும்.

அவளுக்குச் சொந்தமான ஓர் உண்மையை முதலில் மறைக்கச் சொன்னேன், பிறகு என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன், இப்போது அவளைக் கேட்காமலே எழுதியும்விட்டேன். இதில் எது நான் செய்த பரிகாரம் என்று அவள் வந்து கேட்டால், இத்தனை வயதிலும் என்னிடம் பதில் இல்லை.